சூளை பிரித்த பிறகு: கிளேஸை எடுப்பதும் மறுபடி பூசுவதும்

சூளை பிரிக்கும்போது நன்றாக வந்த இருபது பாத்திரம் கண்ணில் படாது. அடியில் கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்ட ஒன்றுதான் முதலில் படும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜாடி நிற்கும். அதன் கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கிளேஸ் சுருண்டு விலகி உள்ளே செம்மண் தெரியும். பார்த்தவுடன் யாரும் கேட்பது இதைத்தான்: இந்தக் கிளேஸை எடுத்துவிட்டு மறுபடி பூச முடியுமா?

மறுபடி பூசலாம். பழையதை முழுக்க எடுப்பது மட்டும் அநேகமாகத் தேவையில்லாத வேலை, பல நேரம் நடக்காத வேலையும்கூட. வழிந்த துளி, தடித்த விளிம்பு, ஒட்டிக்கொண்ட பிசிறு, இவற்றை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, இருக்கிற கிளேஸின் மேலேயே புதிதாகப் பூசிச் சுடுவதுதான் பெரும்பாலான பாத்திரங்களுக்குச் சரியான வழி. ஆனால் கிளேஸ் ஏன் கெட்டது என்று தெரியாமல் மறுபடி பூசினால், அதே கோளாறு அதே இடத்தில் மறுபடி வரும்.

கிளேஸ் என்பது கண்ணாடி. மணல் போன்ற சிலிக்கா, களிமண்ணிலிருந்து வரும் அலுமினா, இரண்டையும் உருக வைக்கும் போரான், சோடா, சுண்ணாம்பு போன்ற இளக்கிகள், எல்லாம் சேர்ந்து சூளையில் உருகிப் பாத்திரத்தின் தோலோடு கலந்துவிடுகின்றன. பெயின்ட் போல மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. 1,220 டிகிரிக்குச் சுட்ட ஸ்டோன்வேரில், அதாவது அதிகச் சூட்டில் கல் போல இறுகிய மண்பாத்திரத்தில், கிளேஸ் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டக்கூட முடியாது. நடுவில் இரண்டும் கலந்த ஒரு படலம் இருக்கும். உரிப்பதற்கு அங்கே தோல் என்று தனியாக ஒன்றும் இல்லை.

நம் டெல்டா மண்ணில் நிலைமை கொஞ்சம் வேறு. காவிரி வண்டல் நுண்மையானது, இரும்புச் சத்து மிக்கது. சிவப்பாகச் சுடும், அதிகச் சூடு தாங்காது. 1,100 டிகிரியைத் தாண்டினால் வளையவும் உப்பவும் தொடங்கும். அதனால் இந்த மண்ணில் செய்ததற்குக் கிளேஸ் சூடு 1,000 முதல் 1,060 டிகிரிக்குள், அதாவது கோன் (சூளைக்குள் வைத்தால் குறித்த சூட்டில் சாயும் சின்னக் கூம்பு) எண் 06 முதல் 04-க்குள் அடங்க வேண்டும். இந்தச் சூட்டில் கிளேஸ் மண்ணுக்குள் ஆழமாகப் போகாது. அதனால் எடுப்பது சுலபம் என்று தோன்றும், உண்மையில் இன்னும் கஷ்டம். கிளேஸ் கடினம், கீழே இருக்கும் செம்மண் மெத்து. கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே போய் ஓரிடத்தில் மண் எட்டியவுடன் கல் அங்கே குழி பறித்துவிடும். முழுதும் எடுத்து முடிப்பதற்குள் பாத்திரம் அம்மைத் தழும்பு விழுந்த மாதிரி ஆகிவிடும்.

வைக்கோலும் வறட்டியும் சவுக்கு விறகும் போட்டுச் சுடும் நம் ஊர்த் திறந்த சூளைகள் 700 முதல் 900 டிகிரி வரைதான் எட்டும். பானைக்கும் அகலுக்கும் அது போதும், கிளேஸ் உருகப் போதாது. அப்படிச் சுட்ட பானைமேல் கிளேஸ் பூச நினைத்தால், முதலில் அதை மின்சூளையிலோ கேஸ் சூளையிலோ 1,000 டிகிரிக்கு ஒருமுறை வெறுமனே சுட்டெடுங்கள். இல்லாவிட்டால் மண்ணுக்குள் மிச்சம் இருக்கும் கரியும் வாயுவும் கிளேஸ் உருகும் நேரத்தில் வெளியேறிப் புள்ளி புள்ளியாகத் துளை போடும்.

சுடாத கிளேஸ் என்றால் கவலையே இல்லை. பிஸ்க் பாத்திரத்தில், அதாவது கிளேஸ் இல்லாமல் ஒருமுறை சுட்ட பாத்திரத்தில், பூசியது பிடிக்கவில்லை என்றால் ஸ்பாஞ்சும் தண்ணீரும் போதும், கழுவிவிடலாம். கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், அது அப்படியே கிளேஸ்தான். கழுவிய பாத்திரம் மண்ணோடு தண்ணீரைக் குடித்திருக்கும். ஒரு முழு நாள், மழைக்காலமானால் இரண்டு நாள் காய விடுங்கள். ஈரத்தோடு பூசினால் கிளேஸ் மெலிதாகத்தான் பிடிக்கும்.

இனி சுட்டதற்கு வருவோம். கல்லைக் கையில் எடுக்கும் முன் பாத்திரத்தை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

கிளேஸ் விலகித் திட்டுத் திட்டாகச் சுருண்டிருந்தால் காரணம் அநேகமாக எண்ணெய்க் கை, தூசி, அல்லது அளவுக்கு மீறிய கனம். பூசியது காயும்போதே முடி போல வெடிப்பு விட்டிருக்கும், சூளையில் அந்த வெடிப்பு வழியாகவே விலகும். இது மறுபூச்சுக்கு ஏற்ற கோளாறு. ஊசித் துளைகளும் அப்படித்தான். பல நேரம் புதிதாக ஒன்றும் பூசாமல் மறுபடி சுட்டு, உச்சச் சூட்டில் பதினைந்து நிமிடம் நிறுத்தினாலே அடைந்துவிடும். மெலிதாகப் போய் வறண்ட சொரசொரப்பாக இருப்பதும் எளிதில் தேறிவிடும்.

மெல்லிய வலை போல விரிசல் விட்டிருந்தால் அது வேறு கதை. கிளேஸ் ஆறும்போது மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது, அந்த இழுவையில் கிழிகிறது. அதன்மேல் அதே கிளேஸை இன்னொரு முறை பூசினால் விரிசல் மறையாது, அடுக்கு தடித்ததால் கூடுதலாகவே வரும். கிளேஸின் கலவையை மாற்ற வேண்டும். நூறு பங்குக்கு ஐந்து பங்கு குவார்ட்ஸ் மாவு சேர்த்துச் சோதனைத் துண்டில் சுட்டுப் பாருங்கள். சுட்ட துண்டைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வைத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தும் வலை விழவில்லை என்றால் கலவை பொருந்தியிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்க் கோளாறு, விளிம்பிலும் கைப்பிடியிலும் கிளேஸ் செதிலாகத் தெறித்து விழுவது. இதில் கிளேஸ் குறைவாகச் சுருங்கி, மண் அதை நசுக்கித் தள்ளுகிறது. தெறிப்பது கத்தி மாதிரிக் கூரான கண்ணாடிச் சில்லு. இந்தப் பாத்திரத்தைச் சீர்செய்ய முனையவே வேண்டாம், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் கூடாது. உடைத்துப் போட்டுவிடுங்கள்.

டெல்டாவில் இரண்டு கோளாறுகள் கிளேஸைக் குறை சொல்ல வைக்கும், தப்பு மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும். ஒன்று சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல். களியில் கிடக்கும் மிளகளவு சுக்கான் கல் சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்து சில நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கும் கிளேஸோடு மண்ணையும் சின்னக் கிண்ணம் போலப் பெயர்த்தெறியும். பெயர்ந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது சுக்கான். அதன்மேல் பூசிச் சுட்டால் அந்தப் புள்ளி மறுபடி சுட்ட சுண்ணாம்பாகும், மறுபடி உப்பும். அடுத்த தடவை களியைக் கரைத்து நுண்சல்லடையில் வடிகட்டுவதும், பிஸ்க் பாத்திரம் சூளையை விட்டு வந்தவுடன் நல்ல தண்ணீரில் முழுக்க ஊற வைத்துச் சுண்ணாம்பை நீற்றிவிடுவதும்தான் மருந்து.

இரண்டாவது உப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் பிசைந்த களி காயும்போது உப்பு வெளித்தோலுக்கு, முக்கியமாக விளிம்புக்கும் கைப்பிடிக்கும், ஏறிவந்து வெண்மையாகப் படியும். அங்கெல்லாம் கிளேஸ் கொப்பளிக்கும் அல்லது விலகும். கிளேஸ் கரைக்கவும் அந்தத் தண்ணீர் உதவாது, கரைசல் வாளியிலேயே கட்டிப்பட்டுக் கஞ்சி மாதிரி ஆகிவிடும். மழை நீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள், ஆர்.ஓ. தண்ணீரும் சரி.

சுட்ட கிளேஸை அமிலத்தில் கரைக்கலாமா என்றும் கேட்பார்கள். வினிகர், எலுமிச்சை, கழிவறை கழுவும் அமிலம், எதுவும் ஒழுங்காகச் சுட்ட கிளேஸைக் கரைக்காது. கரைந்தால் அந்தக் கிளேஸே ஆபத்தானது என்று அர்த்தம், அதில் ஈயமோ செம்போ தளர்வாக இருக்கிறது. கண்ணாடியை உண்மையில் தின்னும் அமிலம் ஹைட்ரோஃப்ளோரிக். அதை வீட்டிலோ பட்டறையிலோ தொடவே கூடாது. தோலில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பு வரை போகும். இதயத்தை நிறுத்திவிடும் அளவுக்கு விஷம் அது. கண்ணாடியில் பூ போடும் பசைகளிலும் இதே குடும்பத்து உப்புதான் இருக்கிறது. ஒரு ஜாடியைக் காப்பாற்ற இதெல்லாம் வேண்டாம்.

ஆகத் தேய்ப்பதுதான் வழி. இதற்குத் தனியாகக் கருவி தேட வேண்டியதில்லை. கிரானைட் கடைகளில் கிடைக்கும் டைமண்ட் பாலிஷ் பேடு இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். 50, 100, 200, 400 என்று எண் ஏறஏறப் பொடி நுணுகும். அதோடு ஒரு சிலிக்கன் கார்பைடு சாணைக்கல், 120, 220, 400 எண் வாட்டர் பேப்பர், ஒரு பேசின் தண்ணீர், இவ்வளவு போதும். ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் டிஸ்க் மாட்டினால் வேகமாக முடியும்தான், ஆனால் தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது. மிஷின் வேண்டுமானால் மோட்டார் தள்ளி இருக்க, வளையும் தண்டு வழியாகச் சின்ன டைமண்ட் பிட் சுழலும் வகையை எடுங்கள்.

அடியில் வழிந்து உறைந்த ஒரு துளியை எடுப்பதைச் சொல்கிறேன். பாத்திரத்தை மடித்த ஈரத்துணியில் தலைகீழாக வைத்து இடது கையால் அணைத்துக்கொள்ளுங்கள். துளியையும் பேடையும் நனைத்துக்கொண்டு, 50 எண் பேடால் துளியின் உச்சியில் மட்டும் தொடுங்கள். வெளி விளிம்பிலிருந்து பாத்திரத்தின் உடல் பக்கமாகவே கை போக வேண்டும். உடலிலிருந்து வெளியே இழுத்தால் கல் கண்ணாடியைக் கெல்லும், துளியோடு சேர்ந்து நகம் அளவு மண்ணும் பெயர்ந்து வரும். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் பால் போலாகும், அதுதான் கண்ணாடி மாவு. சத்தத்தைக் கவனியுங்கள். கண்ணாடி மேல் ஓடும்போது கூர்மையான கிறீச்சு. மண் தொட்டவுடன் அது மங்கிச் சொரசொரக்கும், தண்ணீரும் செந்நிறமாகும். அந்த நிறம் தெரிவதற்கு முன்பே, கிளேஸ் அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு 100-க்கும் 200-க்கும் மாறுங்கள். அடி தட்டையாக உட்கார்ந்தால் போதும், பளபளக்க வேண்டாம்.

சுருண்டு விலகிய இடத்தில் திட்டின் கரை வரப்பு போலத் தடித்திருக்கும். அந்த வரப்பைச் சாய்வாகத் தேய்த்துச் சமப்படுத்தாமல் பூசினால், புதிய கிளேஸும் உருகும்போது அந்த வரப்பையே பிடித்துக்கொண்டு நடுவிலிருந்து விலகும். ஊசித் துளை கொப்புளமாக மூடி நின்றால் டைமண்ட் பிட் முனையால் தொட்டு உடைத்து, வாயைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். மூடிய கொப்புளத்தின் மேல் பூசினால் உள்ளே இருக்கும் காற்று மறுபடி மேலே வரும். மற்ற இடமெல்லாம் 120 எண் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு ஒரு தேய்ப்பு, புதுக் கிளேஸுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடிக்கும் சாண்ட் பிளாஸ்டிங் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டோன்வேருக்கு அது ஓரளவு ஒத்துவரும், மேற்பரப்பைச் சீராக மங்கடிக்கும். நம் செம்மண் பாத்திரத்துக்கு வேண்டாம். கிளேஸ் மெலிந்த இடத்தில் மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிட்டு, கனத்த இடத்தில் கண்ணாடியை விட்டுவைக்கும்.

தூசிதான் இந்த வேலையின் பெரிய எதிரி. கிளேஸ் தூசியில் சிலிக்கா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. வருஷக்கணக்கில் சேர்ந்து மூச்சையே அடைக்கும். அதனால் எப்போதும் ஈரத்தேய்ப்புதான், ஒரு நிமிட வேலை என்றாலும். முகத்தில் என்95 மாஸ்க் வேண்டும், கைக்குட்டை கட்டுவது பயன்படாது. கண்ணுக்குக் கண்ணாடி. வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். எந்தக் காலத்தது, யார் செய்தது என்று தெரியாத பழைய கிளேஸ் பாத்திரத்தைத் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்துக் குறைசூட்டுக் கிளேஸ்களில் ஈயம் சாதாரணமாகச் சேர்த்தார்கள், தேய்த்தால் அது தூசியாகவும் சேறாகவும் கைக்கு வரும், சுட்டால் புகையாக வரும்.

புழக்கத்தில் இருந்த பாத்திரத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நாமே செய்து புழங்கிய ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளேஸில் வலை விழுந்திருந்தால் வருஷக்கணக்கில் உப்பும் நல்லெண்ணெயும் அந்த விரிசல் வழியே மண்ணுக்குள் போயிருக்கும். அப்படியே சூளையில் வைத்தால் எண்ணெய் புகைந்து கரி கட்டும், உப்பு ஆவியாகிச் சூளையின் கம்பிச்சுருளை அரிக்கும், பக்கத்துப் பாத்திரங்களின் கிளேஸையும் கெடுக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊற வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு நாலைந்து நாள் வெயில். கடைசித் தண்ணீரை நாக்கில் தொட்டு உப்பு கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், வலை விழுந்த கிளேஸிலிருந்து தண்ணீரில் என்ன இறங்கியிருக்கிறதென்று நமக்குத் தெரியாது. ஒரு கரண்டியில் ஊற்றிச் சுண்ட வைத்தால் வெள்ளைப் படிவு எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காமல் தை பிறக்கும்வரை தள்ளிப்போடுவது நல்லது. ஈரம் முழுக்கப் போகாத சுட்ட மண், சூளையில் நீராவி அடைத்து வெடிக்கும். அதன் துளைகளைக் கிளேஸ் மூடியிருப்பதால் இன்னும் சுடாத பச்சைப் பாத்திரத்தைவிட மோசமாக வெடிக்கும்.

இனி மறுபூச்சின் உயிர்நாடி. பிஸ்க் பாத்திரம் தண்ணீரைக் குடிக்கும், அந்தக் குடியில்தான் கிளேஸ் மாவு மேலே படிகிறது. கண்ணாடி பூசிய பாத்திரம் எதையும் குடிக்காது, கரைசல் வாழை இலைத் தண்ணீர் போல உருண்டோடும். இதற்கு மூன்று உபாயங்கள் சேர வேண்டும்: கெட்டிக் கரைசல், பசை, சூடான பாத்திரம். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

செம்மண்ணுக்கு எளிய அடிக் கலவை இது. ஈயமில்லாத போரான் ஃபிரிட் (முன்பே உருக்கி ஆறவைத்து அரைத்த கண்ணாடி மாவு) 85 பங்கு, சீனக்களி 15 பங்கு, கோன் 04-க்கு இது தெளிந்த கிளேஸ். சீனக்களிக்கு நெய்வேலி களியே போதும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருப்பதால் இந்தச் சரக்கெல்லாம் நமக்கு எட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது. ஃபிரிட் வாங்கும்போது ஈயமில்லாதது என்று மூட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், பெயரில்லா மூட்டையை வாங்காதீர்கள். கீழே இருக்கும் கறையையோ நிறத்தையோ மறைக்க வேண்டுமானால் ஜிர்கான் பொடி 10 பங்கு சேர்த்தால் பால்வெள்ளை வரும். செம்மண் மேல் தெளிந்த கிளேஸ் எப்போதும் பழுப்பாகத்தான் தெரியும்.

முதல் பூச்சுக்கு ஒரு கிலோ மாவுக்கு 900 மில்லி தண்ணீர் விடுவோம், 100 மில்லி கரைசல் 146 கிராம் இருக்கும், மோர்ப் பதம். மறுபூச்சுக்கு 650 மில்லிதான். 100 மில்லியை நிறுத்தால் 157 கிராம் காட்டும், தோசை மாவுப் பதம். ஏற்கெனவே கரைத்த வாளி இருந்தால் இரண்டு நாள் அசையாமல் வைத்து மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுங்கள். அந்த 650 மில்லியில் 200 மில்லி பசைத் தண்ணீராக இருக்கட்டும். ஒரு லிட்டர் வெந்நீரில் 10 கிராம் சி.எம்.சி. என்ற செல்லுலோஸ் பசைத் தூள் தூவி ஒரு இரவு ஊறவிட்டால் பசைத் தண்ணீர் தயார். சி.எம்.சி. கிடைக்காவிட்டால் ஜவ்வரிசிக் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றலாம், நன்றாகவே பிடிக்கும். நம் வெயிலில் இரண்டு நாளில் புளித்து நாறும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும். கரைசல் இன்னும் வழிந்தால் கால் டீஸ்பூன் எப்சம் உப்பை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டால் தருவார்கள். தண்ணீர் சேர்க்காமலே கரைசல் தயிர் போலத் திரளும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தைச் சோப்பு போட்டுக் கழுவிக் காய வைத்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். ஓ.டி.ஜி. அடுப்பிலோ சூளையிலோ 90 முதல் 100 டிகிரிக்கு அரை மணி நேரம், மெல்ல மெல்ல ஏற்றிச் சூடாக்குங்கள். தடித்த கையுறையோடு எடுத்துச் சுழல்மேடையில் வைத்து, அகலத் தூரிகையால் உடனே பூசத் தொடங்குங்கள். தூரிகை பட்ட இடத்தில் மெல்லிய 'சுர்' கேட்கும், ஈரப் பளபளப்பு இரண்டு விநாடியில் மங்கும். அதுதான் சரியான சூடு. பளபளப்பு மங்காமல் கீழே வழிந்தால் ஆறிவிட்டது, மறுபடி அடுப்பில் வையுங்கள். நுரைத்துக் கொப்பளித்தால் சூடு அதிகம், ஒரு நிமிடம் பொறுங்கள். ஒரே பூச்சில் முடிக்கப் பார்க்காமல், மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் தூரிகையின் திசையை மாற்றி. பம்பும் துப்பாக்கியும் இருந்தால் தெளிப்பது இன்னும் சீராக வரும், ஆனால் திறந்த வெளியில் மாஸ்க்கோடு.

காய்ந்த பூச்சு கோலமாவு மாதிரிதான் நிற்கும், விரல் பட்டால் போய்விடும். அதனால் சூளைக்குத் தூக்கும் வழியை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். உள்பக்கம் விரல் விரித்துத் தாங்கலாம், அல்லது வைக்கப்போகும் தட்டிலேயே வைத்துப் பூசலாம். அடியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குப் பூச்சை ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். பழைய கிளேஸ் ஒரு அடுக்கு, புதுசு ஒரு அடுக்கு, இரண்டும் சேர்ந்து உருகும்போது கட்டாயம் கொஞ்சம் இறங்கும். ஒரு இடம் மட்டும் விலகியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடலாம் என்று தோன்றும். அது பெரும்பாலும் தேமலாகத் தெரியும். அந்த இடத்தில் இரண்டு பூச்சும் சுற்றிலும் ஒரு பூச்சுமாக மங்கலாகப் பரப்புவது நல்லது.

மேலே எதைப் பூசினாலும் கீழே இருப்பது அதனோடு கலக்கும் என்பது நினைவிருக்கட்டும். வெள்ளையின் மேல் செம்புப் பச்சை பூசினால் பால்பச்சை வரும். கரும்பழுப்பு இரும்புக் கிளேஸ் மேல் வெள்ளை பூசினால் வெள்ளை வராது, பழுப்புக் கோடுகள் ஓடிய தேன் நிறம் வரும். சில நேரம் அது முதலில் நினைத்ததைவிட அழகாகவே இருக்கும். நம் அரிசி ஆலைகளில் மலையாகக் குவியும் உமிச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. கருமையான அடிக் கிளேஸின் மேல் உமிச்சாம்பல் கலந்த கிளேஸ் நீலம் ஓடிய வெள்ளையாக உறைவது ஸ்டோன்வேர்ச் சூட்டில் மட்டும் கிடைக்கும் வரம். செம்மண் சூட்டில் அது உருகாமல் மணலாக நிற்கும். உமிச்சாம்பலைக் கையாளும்போதும் மாஸ்க் உண்டு.

சுடுவதில் இரண்டாவது சுடுதல் முதலாவதைவிட நிதானமாகப் போக வேண்டும். 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், ஈரம் போகட்டும். 600 வரை மணிக்கு 80 டிகிரிக்கு மேல் ஏற வேண்டாம். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் ஒரே தாவலில் விரிகிறது. ஒருபுறம் மட்டும் கிளேஸ் கனத்த பாத்திரம் அந்த இடத்தில்தான் 'டங்' என்று விரிசல் விடும். கனத்த ஜாடி, தட்டையான பெரிய தட்டு, இவற்றுக்கு மணிக்கு 60. அதன்பின் மணிக்கு 150 வரை போகலாம். உச்சம் முதல் சுடுதலைவிட 10 முதல் 20 டிகிரி குறைவாக, முதலில் 1,060 என்றால் இப்போது 1,045. மேலே பத்து நிமிடம் நிறுத்தினால் துளைகள் அடையும். இறங்கும்போதும் 600-க்கும் 500-க்கும் இடையே அவசரம் கூடாது. 100-க்குக் கீழே வந்தபிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ஆவல் பொறுக்காமல் 200-ல் திறந்து வீணான பாத்திரங்களுக்குக் கணக்கில்லை.

ஏறும் வழியில் 600-க்குள் கரண்ட் போனால் பயமில்லை, கதவைத் திறக்காமல் விட்டுவிட்டு, வந்ததும் அதே நிதானத்தில் தொடருங்கள். உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் கோன் சாயவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடி ஏற்றுங்கள்.

மறுபூச்சுப் பாத்திரத்தைச் சூளைத் தட்டில் நேரடியாக வைக்காதீர்கள். கைக்கு அடக்கமான மண் வில்லை ஒன்றைத் தட்டிச் சுட்டு வைத்துக்கொண்டு, அதன்மேல் அலுமினாவும் சீனக்களியும் சம பங்காகக் கரைத்த பூச்சைத் தடவி, அந்த வில்லை மேல் பாத்திரம். வழிந்தாலும் வில்லையோடு போகும், விலை கொடுத்து வாங்கிய தட்டு தப்பும். ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். வில்லையின் ஓரத்தை உளியால் மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே வாருங்கள், மிச்சத்தைத் தேய்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது முறை சுடலாமா? ஸ்டோன்வேர் தாங்கும். நம் மண் இரண்டாவதோடு சரி என்பது என் தீர்மானம். ஒவ்வொரு சுடுதலும் மண்ணை இன்னும் கொஞ்சம் கண்ணாடியாக்குகிறது, உள்ளே வாயு அடைத்துக் கொப்புளம் விடும் அபாயம் ஒவ்வொரு தடவையும் கூடும். மூன்றாவது தடவைக்கு வந்து நிற்கும் பாத்திரத்தில் அநேகமாகக் காரணத்தைத் தப்பாகக் கண்டுபிடித்திருக்கிறோம்.

நன்றாக வந்தால், சாப்பாட்டுக்குப் புழங்கும் முன் ஒரு சோதனை. பாதி வரை வினிகர் ஊற்றி ஒரு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள். வினிகர் தொட்ட இடமும் தொடாத இடமும் நிறத்திலோ பளபளப்பிலோ வேறுபட்டால் அந்தக் கிளேஸ் கரைகிறது, அது பூஞ்சாடியாக மட்டும் இருக்கட்டும். வேறுபாடு தெரியாததாலேயே ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. செய்முறை தெரியாத கிளேஸுக்கு ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே சான்று.

தேய்த்த பால் தண்ணீரையும் தூரிகை கழுவிய தண்ணீரையும் கொல்லைப்புற வாய்க்காலில் ஊற்றக் கூடாது. நம் வாய்க்கால் அடுத்தவர் வயலுக்குத்தான் போகிறது. ஒரு வாளியில் சேர்த்து வையுங்கள், இரண்டு நாளில் கீழே படியும். தெளிந்த நீரை அடுத்த தேய்ப்புக்கே எடுத்துக்கொள்ளலாம். படிந்த சேற்றை, உடைந்த பிஸ்க் கிண்ணம் ஒன்றில் வழித்து வெயிலில் காய வைத்து, கிண்ணம் பாதி நிறைந்ததும் அடுத்த கிளேஸ் சூளையில் ஒரு மூலையில், தடித்த வில்லை ஒன்றின் மேல் வைத்துவிடுங்கள். கிண்ணத்தோடு சேர்ந்து கண்ணாடிக் கட்டியாக இறுகி வெளியே வரும்.